வெங்காயக் கூடை

கொதிகலன் எனக்குச் சோறு போடுகிறது.
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
இருபது பார் அழுத்தம்.
இராச் சிப்டு முழுக்க அந்த முள்ளையே பார்த்திருப்பேன்.
சட்டை முதுகில் உப்புக் கோடு காய
விடிந்து வீட்டுக்கு வந்ததும்
பதினான்கு டிகிரியைத் திறந்து பார்ப்பேன்.

ஆ லெங் கடையை மூடியபோது
நூற்றைம்பது வெள்ளிக்குத் தள்ளிவிட்ட
கண்ணாடிக் கதவுக் குளிர்பெட்டி.
சோயாப்பால் நின்ற தட்டில்
இப்போது ஓர் ஆர்க்கிட்.
மேகம் தரையில் நடக்கும் காட்டில் பிறந்ததாம்,
ஈக்குவடோர் பக்கம்.
எனக்கு அது
தானா ராத்தாவில் ஒரு கொட்டகைக்காரர்
சீனச் செய்தித்தாளில் சுருட்டிக் கொடுத்த
நான்கு இலை.

“மலையிலேயே இருந்திருக்கட்டுமே” என்றாள் விமலராணி.
கரண்டு பில் வந்த அன்று
அதையே வாய் திறக்காமல் சொன்னாள்.

யாராவது கேட்டால் சொல்வேன்:
பகலில் இருபத்துமூன்றைத் தாண்டவிடாதே.
இரவு குளிரவில்லையென்றால்
பகலில் செய்த பணிவிடை எல்லாம் வீண்.
மண் வேண்டாம், பாசி போதும்.
பிழிந்தால் இரண்டு சொட்டு விழவேண்டும், மூன்றாவது கூடாது.
ஈரம் கேட்கும், தேங்கிய காற்று ஆகாது.
பழைய கணினியில் கழற்றிய விசிறி
ஓயாமல் சுற்றட்டும்.
குழாய்த் தண்ணீர் இலை நுனியைக் கருக்கும்,
மழையைப் பிடி.
ஆனால் எங்கள் மழையில் முதல் பத்து நிமிடம்
என் புகைபோக்கியின் கரி.
அதை ஓடவிட்டுத்தான் வாளி வைக்கவேண்டும்.
நான் அனுப்பிய கரி கழுவிப்போகட்டும் என்று
நானே கூரைக்கடியில் வாளியோடு நிற்பேன்.

பிம் பகதூர் ஒருநாள் வந்தான்,
என்னோடு சாம்பல் அள்ளுகிறவன், நேப்பாளி.
கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டான்.
ஒரு நிமிடம் இருக்கும்.
ஊரைப் பற்றி ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.
“மூடு அபாங், குளிர் வீணாகுது” என்றான்.

இரண்டு வருடம்.
பதினேழு இலை. பூ இல்லை.
உரத்தைக் குறைத்தேன், கூட்டினேன்,
விளக்கை மாற்றினேன்.
பிள்ளையாரிடம் சொல்லவில்லை,
வெட்கமாக இருந்தது.

சித்திரையில் பாசி மாற்ற
சட்டியைத் தட்டிக் கவிழ்த்தேன்.
அடியில்
நான்கு கறுத்த காம்புகள்.
பிளாஸ்டிக் தரையில் முட்டி, வளைந்து,
திரும்பவும் முட்டி
மொட்டோடு அழுகியிருந்தன.

பூத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
கிளையில் தொங்கி, வேருக்கு நடுவே புகுந்து
கீழே இறங்கிப் பூக்கிற செடி.
நானோ உச்சியையே பார்த்திருந்தேன்,
முள்ளைப் பார்க்கிற பழக்கம்.

அன்று லீவு போட்டேன்.
காரணம்: காய்ச்சல்.

விமலராணி வெங்காயத்தைத் தரையில் கொட்டிவிட்டு
கூடையை நீட்டினாள்.
அடியெல்லாம் ஓட்டை.
“எத்தனை நாள் அழுகின வெங்காயத்தை இதுல தேடியிருக்கேன்,
காத்து வந்தா எதுவும் அழுகாது” என்றாள்.
கம்பி கட்டி மேலே தொங்கவிட்டோம்.

ஐப்பசியில் ஆற்று நீர் ஏறி
கரண்டு போனது, ஒன்பது மணி நேரம்.
ரொகாயா மக்சிக்
பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற ஐஸ் பாக்கெட்டுகளை
சாரோங்கில் கட்டிக்கொண்டு வந்தார்:
சிவப்பு, பச்சை, ஒரு மஞ்சள்.
சிரப்பு நிற வெளிச்சத்தில்
செடி அன்று உயிர் பிழைத்தது.

மார்கழி தொடங்கும் முன்
கூடைக்குக் கீழே ஒரு மூக்கு.
பிறகு மூன்று வால்.
பிறகு, கருஞ்சிவப்பில், ஒரு குட்டிக் குரங்கின் முகம்.
வாசனை என்றால்
மழைக்குப் பின் மக்கிய மட்டையில் முளைக்கிற காளான்.
மக்சிக் மூக்கைச் சுளித்தார்,
இதற்கா என் ஐஸ் என்பதுபோல.

முகம் தரையைப் பார்த்தே இருந்தது.
குனிந்தால் தெரியவில்லை. மண்டியிட்டால் பாதி.
கடைசியில் சிமெண்டில் மல்லாந்து படுத்தேன்.
சற்று நேரம் கழித்து
ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
அவளும் வந்து படுத்தாள்.

எங்கிருந்தோ ஒரு சிறிய ஈ
பூவின் உதட்டில் இறங்கி நடந்தது.

பதினாறு. பதினெட்டு. பத்தொன்பது.
“கதவ மூடுங்க” என்றாள்,
எழுந்திருக்காமல்.